பூனையைக் காவல் காத்த தெரு

என் கணவர் அப்போது புதுக்கோட்டைக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் இடையே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்பக்கத்தில் கரி அடுப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதிலிருந்து வரும் புகையில்தான் வண்டி ஓடியது. மத்தியானம் வெறுங்கூடைகளைக் கூரைமேல் ஏற்றிக்கொண்டு கிளம்பும் பஸ், இரவு கடற்கரையில் தங்கி, மறுநாள் முற்பகலில் மீன்கூடைகளோடு திரும்பும். ஒரு நடை இவர், அடுத்த நடை இன்னொரு டிரைவர். வீட்டுக்கு வரும்போது இவர்மேல் கரிநெடியும் மீன்நெடியும் கலந்து வீசும். கரிநெடியை யாரும் சட்டை செய்யவில்லை. மீன்நெடியின் பின்னால் பூனைகள் வந்தன.

நான் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடியானவர் வீட்டுப் பெண். எங்கள் ஊரிலும் பூனை உண்டு. ஆனால் அங்கே ஒரு பூனை என்றால் அது ஒரு வீட்டுக்குச் சொந்தம். நெல் குதிரடியில் எலி பிடிக்கும், வைத்த சோற்றைத் தின்னும், அந்த வாசலிலேயே செத்துப்போகும். புதுக்கோட்டைப் பூனைகளுக்குச் சொந்தக்காரர்களே இல்லை. அந்த ஊரின் வீதிகள் நூல் பிடித்துப் போட்டதுபோல நேராக இருக்கும். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். அதனால் பூனைகள் ஓட்டின்மேல் ஏறினால் தரையில் கால் வைக்காமலே தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடும். நாம் கதவைச் சாத்தி என்ன பிரயோசனம்? அவை மேலேயிருந்து இறங்கி வரும்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் சாம்பல் நிறக் கடுவன் பூனை ஒன்று திரிந்தது. மார்பு மட்டும் வெள்ளை, இடது காது பாதி கிழிந்து தொங்கும். தெருமுனையில் நெல் மண்டி வைத்திருந்தவர் அதைத் தாசில்தார் என்று கூப்பிடுவார். தினமும் தவறாமல் வந்து மூட்டைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போகிறதாம். எதிர்வீட்டுத் தையற்காரரின் மனைவி அதை ராஜா என்பாள். அவர்கள் முஸ்லிம்கள், பூனையைக் கோலெடுத்து விரட்டுவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. மண்டிக்கு அடுத்த காபி கிளப் ஐயருக்கு அதன் பெயர் திருட்டுப்பயல். எனக்கு அது வெறும் பூனை. என் மீன்சட்டியைத் தூக்கிப் பார்க்கிற பூனை. அதற்குச் சோறு போட்டுத் தெருவிலேயே வைத்திருப்பது எதிர்வீட்டுக்காரிதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்ததால், அவளோடு நான் அதிகம் பேசுவதில்லை.

அந்த வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் மார்க்கெட்டுக்குள் ஒரு வெறிநாய் புகுந்துவிட்டது. வண்டிக்காரர் ஒருவரைக் கடித்தது, எதிர்ப்பட்ட நாய்களைக் கடித்தது. கடைசியில் ஆட்கள் கூடி அடித்துக் கொன்றார்கள். அப்புறம் சில நாட்கள் முனிசிபாலிடி ஆட்கள் கம்பும் சுருக்குக் கயிறுமாகத் தெருநாய்களைத் தேடி அலைந்தார்கள். அந்த நாய் ஒரு பூனையையும் கடித்தது என்று ஒருவர் சொன்னார். எந்தப் பூனை என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு அப்போது ஏழாம் மாதம், தலைச்சன் பிள்ளை. அன்று இவர் கொண்டுவந்திருந்த சீலா மீனை ஆய்ந்து கழுவிக் குழம்பு வைத்துவிட்டு, உள்ளறையில் பாய் விரித்துப் படுத்தேன். இவர் குளத்துக்குக் குளிக்கப் போயிருந்தார். அசந்து தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. கட்டைவிரல் அடியில் சுரீரென்று வலித்தது. கண்ணைத் திறந்தால் அந்தக் கடுவன் என் கையைக் கவ்விக்கொண்டு இருக்கிறது. அலறிக்கொண்டு உதறினேன். பல் இன்னும் ஆழமாக இறங்கியது. அப்புறம் விட்டுவிட்டு முற்றத்துத் தூணில் ஏறி ஓட்டுக்குப் போய்விட்டது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரிதான் முதலில் ஓடிவந்தாள். என் கையைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினாள்.

"சோப்பு எங்கிட்டு இருக்கு? நல்லாத் தேச்சுக் கழுவணும். பயப்படாத தங்கச்சி, பூனைக்கடிதான், ஒண்ணும் செய்யாது. அந்த வெறிநாய் பூனையையும் கடிச்சுச்சுன்னு சொன்னாக…"

சொல்ல வந்ததை அப்படியே நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். என் வயிற்றைப் பார்த்தாள். நான் இன்னொரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டேன்.

இவர் ஈரத்தலையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு ஜட்கா பிடித்து என்னைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். லேடி டாக்டர் கடிவாயில் கார்பாலிக் அமிலம் வைத்துச் சுட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"உங்க வீட்டுப் பூனையா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, தெருப்பூனை."

"நீ ஏதாச்சும் சீண்டினியா, இல்ல அதுவா வந்து கடிச்சுதா?"

"நான் தூங்கிக்கிட்டு இருந்தேங்க."

அது அவருக்குப் பிடித்த பதிலாக இல்லை. சீண்டாத ஆளைத் தானாக வந்து கடிப்பது நல்ல அறிகுறி இல்லையாம். நாய்க்கடி ஊசி குன்னூரிலிருந்து வர வேண்டும், அதைத் தொப்புளைச் சுற்றி வயிற்றில்தான் போட வேண்டும், ஒன்றிரண்டோடு முடியாது என்றார்.

"இந்த வயித்துலயா?" என்று என் கணவர் கேட்டார். அவர் குரல் அவ்வளவு சன்னமாகி நான் கேட்டதில்லை.

"போட்டே ஆகணும்னா போட்டுத்தான் ஆகணும், உயிரு பெருசு. ஆனா அவசியமில்லாமப் போட எனக்கு மனசில்லை. மருந்துக்கு இன்னைக்கே எழுதிடறேன், வரட்டும். அதுவரைக்கும் அந்தப் பூனையைக் கண்ணுல இருந்து விடாதீங்க. வியாதி இருந்தா அது பத்து நாள் தாங்காது. பத்து நாள் கழிச்சும் நல்லாத் தின்னு, தண்ணி குடிச்சு நடமாடிக்கிட்டு இருந்துச்சுன்னா ஒரு பயமும் இல்லை. செத்துப்போனாலும், காணாமப் போனாலும், உடனே இங்க வந்துடணும். தெரியுதா?"

அந்தச் சமயத்தில் உலகத்தில் எனக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பூனை சுகமாக இருப்பதுதான்.

அன்று மாலையே இவர் கருவாட்டுத் துண்டைக் காட்டி அதைக் கோழிப் பஞ்சாரத்துக்குள் அடைத்துவிட்டார். மேலே அம்மிக்குழவியைப் பாரமாக வைத்தார். நாங்கள் சாப்பிட்டு வருவதற்குள் பஞ்சாரம் சாய்ந்து கிடந்தது, குழவி உருண்டு முற்றத்தில் கிடந்தது, கருவாட்டையும் காணோம், பூனையையும் காணோம். மறுபடி பிடிக்கப் போனபோது அவர் முழங்கை வரைக்கும் கீறி வைத்தது.

"இதைக் கட்டி வைக்க முடியாது தங்கச்சி," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "அது போற எடமெல்லாம் நமக்குத் தெரியும்ல? அங்கங்க ஆளுகளைப் பாத்துக்கச் சொல்லுவோம். எங்க நபிக்குப் பிரியமான சீவன் அது. ஒன்னயக் கை விடாது."

அவளே என்னை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஒரு வருஷமாக அந்தத் தெருவில் குடியிருந்தும் அன்றுதான் நான் மண்டிக்குள் போனேன். மண்டிக்காரர் எழுந்து நின்று கேட்டார்.

"ஆத்தா, நீ கவலைய விடு. அது காலையில வெயில் ஏறுறதுக்குள்ள இங்கிட்டுத்தான் வரும். நான் பாத்துச் சொல்றேன். எங்க பாட்டன் சொல்லுவாரு, அந்தக் காலத்துல அரமனைக் களஞ்சியத்துல பூனைகளுக்குன்னே நித்தம் பால் அளந்து ஊத்துவாகளாம். ராசா சோறு தின்ன அந்த வம்சந்தான் இதெல்லாம்."

களஞ்சியத்துக் கதை உண்மையோ பொய்யோ, அவர் சொன்ன விதத்தில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. காபி கிளப் ஐயர் வாசலுக்கு வந்து தள்ளி நின்றபடி கேட்டார்.

"கருக்கல்ல பால்காரன் வந்துட்டுப் போன கையோட இதுவும் வந்துடறது. எங்கே ஒளிச்சு வச்சாலும் ஒரு வாய் குடிச்சுட்டுத்தான் போறது. பூனையை அடிச்சுக் கொன்னா தங்கத்துல பூனை பண்ணி தானம் கொடுக்கணும்னு சொல்லுவா. அதுக்கு நான் எங்கே போவேன்? அதான் விட்டுட்டேன். சரிம்மா, நாளையிலேருந்து நானே ஒரு கிண்ணத்துல வச்சுடறேன். குடிச்சா கூவிச் சொல்றேன்."

சொன்னபடியே செய்தார். மறுநாள் விடிந்தும் விடியாமலும் தெருமுனையிலிருந்து, "குடிச்சுடுத்து!" என்று அவர் குரல் வந்தது. தண்ணீரையும் பாலையும் கண்டு பயப்படுவதுதான் அந்த வியாதியின் அடையாளம் என்று அதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது. ஆகவே அந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகுதான் நான் அடுப்பு மூட்டுவேன். முற்பகலில் மண்டி ஆள் யாராவது வாசலில் நின்று, "வந்துட்டுப் போச்சு, ஒரு எலியும் பிடிச்சுச்சு" என்பார்கள். மத்தியானம் அது தையல் அறையில் வெட்டுத் துணிக் குவியல்மேல் படுத்துத் தூங்கும். எதிர்வீட்டுக்காரி சன்னல் வழியாக எனக்குக் கையைக் காட்டுவாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு. அங்கே மீன்கூடை கழுவும் இடத்தில் ஊர்ப் பூனைகள் எல்லாம் கூடும். இவர் மற்ற டிரைவரிடம் சொல்லித் தன் நடைகளை அவர்மேல் போட்டுவிட்டு, அங்கே போய் நின்று பார்த்து வருவார்.

ஒரு தெருப்பூனைக்கு இவ்வளவு பெரிய குடித்தனமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் அதுவரை அதைத் திருடுகிற பிராணி என்று மட்டும் நினைத்திருந்தேன். அது போகிற இடமெல்லாம் அதற்கு ஒரு வேலையும் ஒரு பெயரும் இருந்தன.

நாலு நாள் அப்படிப் போயிற்று. அடுத்த நாள் விடிந்தது, வெயிலும் வந்தது, ஐயர் குரல் வரவில்லை.

வாசலுக்கு வந்து பார்த்தேன். அவர் கிளப் வாசலில் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். மண்டியில் மூட்டைகளை நகர்த்திப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி துணிக் குவியலை உதறிப் பார்த்தாள். தையற்காரர் மெஷினை விட்டு எழுந்து ஓட்டின்மேல் ஏறித் தெரு முழுக்கப் பார்த்துவிட்டு இறங்கினார். மாலையில் பஸ் ஸ்டாண்டிலும் இல்லை.

மறுநாளும் இல்லை. பல்லவன் குளத்துப் படித்துறை ஓரம் ஒரு பூனை செத்துக் கிடக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். இவர் செருப்புகூடப் போடாமல் ஓடினார். அவர் திரும்பி வரும் வரைக்கும் நான் நிலைப்படியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். மாதாவை வேண்டினேன். என்ன வேண்டினேன் என்பதுகூட நினைவில்லை.

"அது இல்ல," என்றார் மூச்சு வாங்க. "இது கறுப்பு."

ஒரு கணம் உயிர் வந்தது. அப்புறம், அப்படியானால் நம்முடையது எங்கே என்ற நினைப்பு வந்ததும் அந்த உயிரும் போய்விட்டது.

டாக்டரிடம் போனோம். மருந்து வந்துவிட்டது என்றார். என் முகத்தைப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல என்னால பொறுக்க முடியாது. ஆரம்பிச்சிடுவோம். நான் கூடவே இருக்கேன்மா."

வீட்டுக்கு வந்தால் பஸ் முதலாளியின் ஆள் காத்திருந்தான். தொடர்ந்து ஓட்டியதில் மற்ற டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். அன்று மத்தியானம் வண்டி போக வேண்டும், வேறு ஆள் இல்லை. இவர் முடியாது என்றார். நான்தான் சொன்னேன்.

"நீங்க இங்கனயே இருந்தா பூனை வந்துருமாங்க? அங்க மீன் அழுகிப் போயிரும். நாளைக்கு ஊசிக்கு முன்னாடி வந்துருவீங்கள்ல, அது போதும்."

"தனியா இருந்துக்கிருவியா?"

"அவ தனியா எதுக்கு இருக்கா?" என்றாள் பின்னால் நின்ற எதிர்வீட்டுக்காரி. "நீங்க போய்ட்டு வாங்கண்ணே."

அவள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அன்று என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். தூங்கச் சொல்லவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. தன் முதல் பிரசவத்தில் தான் போட்ட கூச்சலைக் கேட்டுத் தையற்காரர் தெருவை விட்டே ஓடிப்போன கதையைச் சொன்னாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் முற்பகல். மார்க்கெட் பக்கம் ஹார்ன் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து நின்றேன். ஊசிக்குக் கிளம்ப வேண்டுமே என்ற எண்ணம் மட்டும்தான் மனசில். தெருமுனையில் இவர் திரும்பினார். தோளில் ஒரு மீன்கூடை. அதன் வாயைக் கிழிந்த வலையால் வரிந்து கட்டியிருந்தார். முகமெல்லாம் கரி, பல் மட்டும் தெரிந்தது. அவருக்குப் பின்னால் மண்டிக்காரரும் மூட்டை தூக்குகிறவர்களும் வந்தார்கள். காபி கிளப் ஐயர் எட்ட நடந்து வந்தார். கூடைக்குள்ளிருந்து ஊரைக் கூட்டுகிற ஓலம்.

"வந்துருச்சு," என்று மட்டும் சொல்லி, முழங்காலிட்டுக் கூடையை என் பக்கம் தாழ்த்திப் பிடித்தார்.

நான் கூடையின் பக்கத்தில் உட்கார்ந்து வலைக்குள் பார்த்தேன். கிழிந்த காது. வெள்ளை மார்பு. என்னைப் பார்த்துச் சீறியது. அவ்வளவு ஆரோக்கியமான சீறலை நான் கேட்டதில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். எதிர்வீட்டுக்காரியும் அழுதாள். இவர் கூடையை இறக்கி வைக்கவும் மறந்து முழங்காலிட்டபடியே நடந்ததைச் சொன்னார்.

கோட்டைப்பட்டினத்துக் கரையில் விடியற்காலை கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது மீன் வாங்கி அனுப்புகிற ஒரு பெண் இவரிடம் சண்டைக்கு வந்திருக்கிறாள். "டிரைவரே, ஒங்க ஊருப் பூனைய ஒங்க ஊருக்கே கூட்டிக்கிட்டுப் போங்க. முந்தாநாளு பஸ்ஸு மேல இருந்து வெறுங்கூடையை இறக்குறோம், உள்ள இருந்து குதிச்சு ஓடுது. அதுலேர்ந்து எங்க காரப்பொடி மீனுக்குக் காவல் இருந்து மாளல!" இவர் ஓடிப்போய்ப் பார்த்தால், வலை உலர்த்துகிற இடத்தில் காக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து அது மீன் தின்றுகொண்டிருந்ததாம். புறப்பட்டதற்கு முந்தின ராத்திரி வயிறு முட்டத் தின்றுவிட்டு, கழுவி அடுக்கிய கூடைக்குள் வாசனைக்குப் படுத்துத் தூங்கியிருக்கிறது. தூங்கினபடியே பஸ் ஏறிக் கடலுக்குப் போய்விட்டது.

"அறந்தாங்கி வரைக்கும் ஒரே கத்து," என்றார். "சகுனம் சரியில்ல, எறக்கி விடுங்கன்னு ஒரு பெரியவர் மல்லுக்கு நின்னாரு. பூனை குறுக்க போனாத்தானேய்யா சகுனம், இது நம்ம கூடத்தான வருதுன்னேன். சரின்னு ஒக்காந்துட்டாரு."

அன்று மாலை கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரசவ வார்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு எனாமல் கிண்ணத்தில் பால் கொண்டுவரச் சொல்லி, அறைக் கதவைச் சாத்தி, வலையைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். பூனை தலையை நீட்டி மோந்து பார்த்தது. அப்புறம் கிண்ணத்தின் அடி தெரியும்வரை நக்கிக் குடித்தது. டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவரும் இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அன்னைக்கு என்ன சமைச்ச?" என்று திடீரென்று கேட்டார்.

"சீலா மீனுங்க."

"ஆஞ்ச கையோட படுத்தியா?"

"கழுவினேங்க. தண்ணியிலதான்."

டாக்டர் சிரித்தார். வாயை மூடிக்கொண்டு சிரிக்க முயன்று முடியாமல் சத்தமாகவே சிரித்துவிட்டார். "உன் கையை மீனுன்னு நினைச்சிருக்கு. போ வீட்டுக்கு. மிச்ச நாளைக்கும் எங்கயாவது நல்லா அடைச்சு வச்சுப் பாருங்க. நாய் கடிச்ச அந்த வண்டிக்காரருக்கு இன்னும் ஊசி பாக்கி இருக்கு, இந்த மருந்து அவருக்கு ஆகும்."

மிச்ச நாட்கள் அது தையற்காரர் வீட்டுப் பின்னறையில் இருந்தது. அடைபட்டது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காலையில் ஐயர் பித்தளை டம்ளரில் பால் அனுப்பினார். மண்டிக்காரர் வேலைக்கு நடுவில் வந்து சன்னல் வழியாக, "என்ன தாசில்தாரே, சவுரியமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். நான் தினமும் ஒரு மீன் துண்டைக் குச்சியில் குத்தி நீட்டினேன். கை கொடுக்கிற அளவுக்கு நாங்கள் இன்னும் சிநேகமாகவில்லை.

டாக்டர் சொன்ன கெடு முடிந்த அன்று கதவைத் திறந்து விட்டோம். உடனே பாய்ந்து ஓடும் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றோம். அது நிதானமாக எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தது. மண்டிப் பக்கம் போயிற்று.

எனக்கு அந்த நேரத்தில் அப்படி ஒரு பசி வந்தது. எத்தனையோ நாளாகச் சோறு தொண்டையில் இறங்காமல் இருந்த பசி எல்லாம் சேர்ந்து வந்தது. எதிர்வீட்டுக்காரி தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சியிருந்தாள். ரேஷன் அரிசிதான், கல் நெருடும் அரிசி. அவள் வீட்டு அடுப்பங்கரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்து குடித்தேன். தீர்ந்ததும் கிண்ணத்தை நீட்டினேன்.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் இருக்கா?"

"எம்புட்டு வேணும்னாலும் இருக்கு," என்று பானையோடு தூக்கி என் பக்கத்தில் வைத்தாள்.